கயித்துல தொங்கி மரம் வெட்டறது எப்படி: சாமான், பாதுகாப்பு, வேலை முறைன்னு கடலூர் புதுச்சேரி ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நம்ம பக்கம் மரம் ஏறத் தெரிஞ்ச ஆளுக்கு பஞ்சமே இல்ல. பண்ருட்டில பலா ஏறி காய் இறக்குறவங்க, பாகூர் வில்லியனூர் பக்கம் தென்னை ஏறுறவங்க, இன்னும் மிச்சம் இருக்கற பனையேறிங்க, புயல் வந்தா தெரு தெருவா போய் விழுந்த மரத்த அறுத்து தள்ளுறவங்கன்னு எத்தனையோ பேர் இருக்காங்க, தைரியத்துலயும் உடம்பு வாகுலயும் யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. ஆனா நடக்கறத பாத்தா, 40 அடி உசரத்துல ஒரு கை கெளைய புடிச்சிருக்கும், இன்னொரு கை மரம் அறுக்கற மிஷின (செயின் சா) ஓட்டிட்டு இருக்கும், இடுப்புல ஒரு பிளாஸ்டிக் கயிறு பேருக்கு கட்டியிருக்கும். கீழ எழுதியிருக்கறது எல்லாமே இத மாத்தறதுக்குத்தான். ஏறுனதுலேர்ந்து இறங்குற வரைக்கும் உங்க எடைய கயிறு தாங்கணும், ரெண்டு கையும் வேலைக்கு மட்டும் இருக்கணும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இத படிச்சிட்டு நேரா உசரமான மரத்துல ஏறிடாதீங்க. ஒரு நல்ல புளிய மரத்துல, கால் தரைக்கு எட்டுற உசரத்துல கயிறு போட்டு ஏறி இறங்கி பழகுங்க, தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல நின்னு பாக்கணும், முடிச்சு கண்ண மூடிட்டு போடற அளவுக்கு வந்தப்பறம்தான் மேல.

முதல்ல எத வாங்கணும்

மிஷின் வாங்க காசு சேத்து வெச்சிருப்பீங்க. அந்த காச முதல்ல கயித்துக்கும் ஆர்னஸுக்கும் (உடம்புல மாட்டிக்கிற பெல்ட்டு) போடுங்க, கைரம்பத்த வெச்சே பாதி வேலை முடிச்சிடலாம், மிஷின் அப்பறம் வரட்டும்.

கயிறுன்னா ஹார்டுவேர் கடைல பச்சை நீலம்னு சுருட்டி வெச்சிருக்கற பிளாஸ்டிக் கயிறு இல்ல, துறைமுகத்துல போட்டுக்கு கட்டற கயிறும் இல்ல. அந்த பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி சொச்சத்துல உருகிடும், கயிறு மேல கயிறு உரசுற சூடே அத கெடுத்துடும், வெயில்ல ரெண்டு மூணு மாசம் கெடந்தாலே நார் நாரா பொடி உதிரும். மரம் ஏற வேண்டியது உள்ள ஒரு கரு, வெளிய ஒரு பின்னல் உறைன்னு ரெண்டு அடுக்கா வர்ற கயிறு, இல்லன்னா மரம் ஏறறதுக்குன்னே தனியா பின்னுன கயிறு, 11.5 எம்எம்லேர்ந்து 13 எம்எம் வரைக்கும் தடிமன். லேபிள்ல ஈஎன் 1891 டைப் ஏ ன்னு (ஈஎன்னா ஐரோப்பா தரம்) போட்டிருக்கான்னு பாருங்க, அந்த தரத்துக்கு கயிறு குறைஞ்சது 22 கிலோ நியூட்டன் தாங்கணும், அதாவது சுமார் 2200 கிலோ. நம்ம எடை 70 கிலோதானே இவ்வளவு எதுக்குன்னு கேக்காதீங்க, முடிச்சு போட்ட எடத்துல கயித்தோட பலம் மூணுல ஒரு பங்கு கொறையும், சில முடிச்சுல பாதி வரைக்கும் போகும், அது மேல தேய்மானம், வெயில், மண்ணு எல்லாம் சேந்து தின்னும். நீளம் எப்பவும் மரத்து உசரத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும். மேல இருக்கற ஆள் தரை வரைக்கும் இறங்க முடியாத கயிறு கயிறே இல்ல.

ஆர்னஸ் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கட்டட வேலைக்கு விக்கற பெல்ட்டு, ஐஎஸ் 3521 முத்திரை போட்டது, அது நல்ல சாமான்தான், ஆனா அதோட கொக்கி முதுகுல இருக்கும். விழுந்தா புடிக்கறதுக்கு செஞ்சது அது, மரத்துல முதுகுல தொங்கிட்டு ஒரு கெளைய கூட அறுக்க முடியாது, அதோட அது புடிக்கறதுக்கு முன்னாடி நாலஞ்சு அடி விழுந்து நடுவுல இருக்கற கெளைல மோதி விலா எலும்பு போயிடும். நமக்கு வேண்டியது தொடை ரெண்டையும் இடுப்பையும் சேத்து தாங்கற உக்காந்த மாதிரி ஆர்னஸ், முன்னாடி நடுவுல ஒரு மாட்டற எடம், ரெண்டு பக்க இடுப்புலயும் ஒவ்வொரு வளையம். ஈஎன் 813, ஈஎன் 358 ரெண்டும் லேபிள்ல இருக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி கடைலயே தொங்கி பாருங்க, 10 நிமிஷத்துல தொடை மரத்து போச்சுன்னா அந்த சைஸ் உங்களுக்கு இல்ல.

கேரபினர், அதாவது கயித்தையும் ஆர்னஸையும் சேத்து மாட்டற கொக்கி, மூணு அசைவுல தொறக்கற ஆட்டோ லாக் மட்டும் வாங்குங்க, அதாவது தூக்கி, திருப்பி, அப்பறம் அழுத்துனாத்தான் வாய் தொறக்கணும். திருகு போட்டு மூடறது கயிறு உரசி உரசி தானா கழண்டுக்கும். நீளவாக்குல 20 கிலோ நியூட்டனுக்கு மேல தாங்கற கேரபினர் குறுக்க இழுத்தா அதுல மூணுல ஒரு பங்குதான் தாங்கும், அதனால ஒவ்வொரு தடவையும் எடைய போடறதுக்கு முன்னாடி அது நேரா நிக்குதான்னு கண்ணால பாத்துக்கணும்.

அடுத்தது லேன்யார்டு, மரத்த சுத்தி போட்டு ரெண்டு இடுப்பு வளையத்துலயும் மாட்டற குட்டை கயிறு, நீளம் கூட்டிக் குறைக்கற மாதிரி இருக்கணும். உள்ள எஃகு கம்பி வெச்சது கிடைச்சா நல்லது, மிஷின் லேசா பட்டாலும் உடனே அத்து போகாது, ஆனா கம்பி இருக்குன்னு நம்பி மிஷின கிட்ட கொண்டு போகாதீங்க, அதையும் அறுத்துடும். கரண்டு கம்பி பக்கத்துல இருக்கற மரத்துக்கு கம்பி வெச்ச லேன்யார்டே வேணாம்.

புருசிக் முடிச்சுக்கு, அதாவது ஏறுற கயித்த சுத்தி போட்டு எடை விழுந்தா இறுகி புடிக்கற முடிச்சுக்கு, 8 இல்ல 10 எம்எம்ல சூடு தாங்கற தனி கயிறு. ஹெல்மெட் தாடைப் பட்டியோட இருக்கணும், பைக் ஹெல்மெட் போட்டு ஏறுனா காதும் கேக்காது அண்ணாந்தும் பாக்க முடியாது. கண்ணாடி, காதுக்கு மஃப், கைக்கு புடிமானம் இருக்கற க்ளவுஸ், கணுக்கால மூடற ஷூ. செருப்பு போட்டுட்டு மிஷின் தொடவே கூடாது. செயின் சா பேண்ட்டு நம்ம வெயிலுக்கு வேகும், உண்மைதான், ஆனா அதுக்குள்ள இருக்கற நார் செயின்ல சுத்தி மிஷின நிறுத்திடும், தொடைல ஓடற பெரிய ரத்தக்குழாய் அத்தா ஆள் சில நிமிஷத்துல போயிடுவான். அதனால கத்திரி வெயில்ல காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சு 10, 11க்கு முடிச்சிடுங்க, பேண்ட்ட கழட்டறது தீர்வு இல்ல.

கால்ல மாட்டற முள்ளு இருக்கு பாருங்க, அது மொத்தமா வெட்டி எடுக்கப் போற மரத்துக்கு மட்டும். கவாத்து பண்ண வந்த வேம்புல முள்ளு குத்தி ஏறுனா ஒவ்வொரு குத்தும் ஒரு புண்ணு, அது வழியா பூஞ்சை உள்ள போகும், நாலஞ்சு வருஷம் கழிச்சு அதே மரத்துல ஏறப் போறது நீங்களோ உங்க பையனோதான்.

மரத்த படிக்கறது

வண்டிலேர்ந்து சாமான இறக்கறதுக்கு முன்னாடி மரத்த ஒரு சுத்து சுத்தி வாங்க. தூர்லேர்ந்து ஆரம்பிங்க, மண்ணு வெடிச்சிருக்கா, ஒரு பக்கம் வேர் தூக்கியிருக்கா, அடில காளான் முளைச்சிருக்கா, ரோடு போட்டப்ப வேர வெட்டியிருக்காங்களா. புதுச்சேரில நெறைய தெருவுல மரத்த சுத்தி சிமெண்ட் போட்டு கழுத்த நெரிச்சு வெச்சிருக்காங்க, வாய்க்கால் கட்டும்போது ஒரு பக்க வேரையே எடுத்துருப்பாங்க, மேல பாத்தா பச்சையா இருக்கும், கீழ புடிமானம் பாதிதான். அப்பறம் ஒரு மரச்சுத்தியலால தண்டு முழுக்க தட்டிட்டே வாங்க, கெட்டியா இருந்தா கணீர்னு கேக்கும், உள்ள பொந்துன்னா டொம்முன்னு கேக்கும். பொந்து, வெடிப்பு, ரெண்டு தண்டு ஒட்டி வளந்த கவட்டைல நடுவுல பட்டை மடிஞ்சு உள்ள போயிருக்கறது, பட்டுப்போன கெளை, இத எல்லாம் கீழ இருந்தே பாத்து ஏறப்போற ஆளும் கீழ நிக்கப்போற ஆளும் சேந்து பேசிக்கணும்.

மரத்துக்கு மரம் குணம் வேற. புளி நம்பலாம், கெளை வளையும், சட்டுன்னு முறியாது, கயிறு போடறதுக்கு அத விட நல்ல மரம் நம்ம பக்கம் குறைவு. பலா, மாமரம் கெட்டிதான், பால் ஒட்டி கயிறு பிசுபிசுக்கும், மாம்பால் தோல்ல பட்டா புண்ணாகும். வேம்புல பெரிய கெளை திடீர்னு கிழியும், பழைய வெட்டு காயத்துக்குள்ள அழுகியிருக்கும். மயில்கொன்றை, அதான் சிவப்பா பூக்கற மே ஃப்ளவர், இயல்வாகை ரெண்டும் மொறு மொறுன்னு முறியற ஜாதி, அதுல கயிறு போடறது தண்டோட ஒட்டுன தொடை மொத்த கவட்டைல மட்டும். தூங்குமூஞ்சி மரம் கெளைய கிடையா ரொம்ப தூரம் நீட்டும், நுனில எடை ஜாஸ்தி, நுனிக்கு போக போக நீங்களும் எடைதான்ங்கறத மறக்கக்கூடாது. முருங்கை, ஒதியன், கல்யாண முருங்கை மூணுலயும் ஏறவே ஏறாதீங்க, எவ்வளவு மொத்தமா இருந்தாலும் சரி, ஏணிய தனியா நிறுத்தியோ நீளக்கம்பு ரம்பத்தாலயோ முடிங்க.

கூடு பாக்கறதும் இதே நேரத்துலதான். கதண்டு கூடு இருந்தா அன்னிக்கு வேலை கிடையாது, 101க்கு போன் பண்ணி தீயணைப்பு ஆளுங்கள வரச் சொல்லுங்க. கயித்துல கட்டி தொங்கற ஆளால ஓட முடியாது, 20 கொட்டு வாங்குனா உசுருக்கே ஆபத்து. கொம்புத் தேன் சின்னது, மலைத்தேனி கூடுன்னா கதண்டு மாதிரியே நெனச்சுக்கோங்க. குருவி, கிளி குஞ்சு வெச்சிருந்தா ஒரு மாசம் தள்ளிப் போடச் சொல்லி வீட்டுக்காரங்க கிட்ட பேசி பாருங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

அனுமதி பத்தியும் ரெண்டு வார்த்தை. ரோட்டோரம், ஏரிக்கரை, அரசாங்க எடத்து மரம்னா வாய் வார்த்தைய நம்பி மிஷின வெக்காதீங்க, எழுத்துல காட்டச் சொல்லுங்க. தமிழ்நாட்டுல பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சாங்க. வெட்டச் சொன்னவர் பின்னாடி போயிடுவார், மிஷினோட நிக்கறது நீங்கதான்.

கரண்டு

இதுக்கு தனியா எழுதறேன், ஏன்னா விழுந்தவனுக்காவது பொழைக்க வாய்ப்பு இருக்கு. 11 ஆயிரம் வோல்ட் லைன தொடணும்னு கூட இல்ல, கிட்ட போனாலே தாவும், பச்சை கெளை, நனைஞ்ச கயிறு, அலுமினிய ஏணி, கம்பு ரம்பம் எல்லாமே கரண்ட கொண்டு வரும். நீங்களோ, உங்க சாமானோ, வெட்டுன கெளை விழும்போது எட்டுற தூரமோ, எதுவும் கம்பிலேர்ந்து 3 மீட்டருக்குள்ள வருதுன்னா லைன நிறுத்தாம வேலை இல்ல. நிறுத்தறதுன்னா பக்கத்து வீட்டு பையன் ஃப்யூஸ புடுங்கறது இல்ல. மின்வாரிய ஆள் வந்து லைன் க்ளியர் (லைன நிறுத்த அனுமதி) வாங்கி, சுவிட்ச தொறந்து, எர்த் ராடு (கரண்ட மண்ணுக்கு இறக்கற கம்பி) போட்டப்பறம், அவர் எடத்துல இருக்கும்போது வேலை. கடலூர் பக்கம்னா உங்க செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, அவசரம்னா மின்னகம் 94987 94987, புதுச்சேரின்னா மின்துறை பிரிவு அலுவலகம். வீட்டு சர்வீஸ் வயர் ரப்பர் போட்டதுதானேன்னு அலட்சியமா இருக்காதீங்க, மரம் உரசி உரசி ரப்பர் போயிருக்கும். புயலுக்கு அப்பறம் ஊரே இருட்டா இருக்கும்போது இன்னும் மோசம், யாராவது ஒருத்தர் வீட்டு ஜெனரேட்டர் தப்பா இணைச்சிருந்தா செத்த கம்பில திடீர்னு கரண்டு திரும்பி ஓடும். அதனால எர்த் ராட கண்ணால பாக்காத வரைக்கும் எல்லா கம்பியும் உசுரோட இருக்குன்னே வெச்சுக்கணும்.

கீழ நிக்கற ஆள்

தனியா ஒருத்தர் போய் மிஷினோட மரம் ஏறக்கூடாது, அவ்வளவுதான். கீழ நிக்கற ஆள் கெளை பொறுக்கற கூலி ஆள் மட்டும் இல்ல, அவருக்கும் முடிச்சு தெரியணும், கயிறு இறக்கத் தெரியணும், நான் சொல்றது ரெண்டு பேருக்கும் சமக் கூலி குடுக்கற வேலை இது. விழற எடத்த சுத்தி கயிறு கட்டி மறைங்க. கெளைகள மட்டும் இறக்கும்போது கெளை விழற எடத்துக்கு மேல தாராளமா எடம் விடுங்க, மரத்தையே சாய்க்கறதுன்னா மரத்தோட உசரத்துக்கு ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஆள் இருக்கக்கூடாது. தெருவுல வேடிக்கை பாக்க வர்றவங்கள, அந்த பக்கமா ஸ்கூட்டில போயே தீருவேன்னு நிக்கறவங்கள சமாளிக்கறதுக்குன்னே ஒரு ஆள் தனியா போட்டா தப்பே இல்ல.

பேச்சும் முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். மேல இருக்கறவர் "வெட்டப் போறேன், கீழ பாரு"ன்னு கத்தணும், கீழ இருக்கறவர் சுத்தி பாத்துட்டு "க்ளியர்ணே"ன்னு பதில் குடுக்கணும், பதில் வராம ஒரு வெட்டும் இல்ல. "நிறுத்து"ன்னு யார் கத்துனாலும், பக்கத்து வீட்டு சின்னப் பையனே கத்துனாலும், நிறுத்தணும். மிஷின் ஓடும்போது காது கேக்காது, அதனால கை ஜாடையும் பேசி வெச்சுக்கோங்க.

கயிறு போட்டு ஏறறது

மெல்லிசு எறி கயிறு ஒண்ணும், 250லேர்ந்து 400 கிராம் எடைல ஒரு குண்டுப் பையும் வேணும். அத வீசி உசரமான கவட்டைக்கு மேல போட்டு, அந்த மெல்லிசு கயித்துல ஏறுற கயித்த கட்டி இழுத்துக்கலாம். கம்பி பக்கம் வீசாதீங்க, கீழ ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, காரு இருக்கான்னு பாத்து வீசுங்க. கயிறு விழுந்த கவட்டை பச்சையா உசுரோட இருக்கணும், கை மணிக்கட்டு மொத்தம் பத்தாது, குறைஞ்சது 10 செ.மீ, மயில்கொன்றை மாதிரி மரத்துல அதுக்கும் மேல. கயிறு கெளை நுனில கெடக்காம தண்ட ஒட்டி கெடக்கணும். சந்தேகம் இருந்தா பைனாகுலர் வெச்சு பாருங்க, நான் சும்மா சொல்லல, 15 மீட்டர் உசரத்துல பட்டுப்போன கெளையும் உசுருள்ள கெளையும் வெறுங்கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும்.

ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் சேந்து கயித்துல முழு எடையும் போட்டு தொங்கி குலுக்கி பாருங்க. ரெண்டு பேர தாங்குச்சுன்னா ஒருத்தர தாங்கும். அப்பறம் எட்டு வடிவ முடிச்சு, புருசிக், கேரபினர் மூடியிருக்கறது, ஆர்னஸ் பக்கிள் எல்லாத்தையும் கீழ இருக்கற ஆள் தொட்டு பாக்கணும், ஏறுற ஆளோட சாமான அவரே பாத்துக்கறது கணக்குல வராது. கயித்தோட தொங்கற முனைல கட்டாயம் ஒரு தடுப்பு முடிச்சு, இல்லன்னா இறங்கும்போது கயிறு தீந்து போய் முடிச்சு வழியா உருவிட்டு ஆள் கீழ.

ஏறும்போது கயிறு எப்பவும் விறைப்பா இருக்கணும், தொய்வு ஒரு முழத்துக்கு மேல போகக்கூடாது. இந்த கயிறு எல்லாம் விழறவன புடிக்கறதுக்கு செஞ்சது இல்ல, விழவே விடாம வெச்சுக்கறதுக்கு செஞ்சது, நீளாத கயித்துல ரெண்டு மீட்டர் விழுந்தா கயிறு தாங்கும், முதுகு தாங்காது. கயிறு போட்ட எடத்த விட மேல ஏறிப் போறதும் அதனாலதான் கூடாது. மேல போகணும்னா முதல்ல லேன்யார்ட போட்டு நிலையா நின்னு, கயித்த இன்னும் மேல மாத்தி போட்டு, அதுல எடைய போட்டு பாத்துட்டு, அப்பறம் லேன்யார்ட எடுங்க. ஒரு கணம் கூட எதுலயும் மாட்டாம இருக்கக்கூடாது. கவட்டைல கயிறு நேரடியா உரசுனா மரத்து பட்டையும் போகும் கயித்து உறையும் போகும், ரெண்டு வளையம் வெச்ச பட்டை ஒண்ணு கிடைக்குது, அத மேல மாட்டி அதுக்குள்ள கயித்த விட்டா ரெண்டுமே பொழைக்கும், ஏறறதும் பாதி சுலபம்.

கடலோர ஊருங்கறதால ஒண்ணு சொல்லணும், காலைல அமைதியா இருக்கும், மதியம் நெருங்க நெருங்க கடல் காத்து எழும்பும். மரம் மொத்தமா ஆட ஆரம்பிச்சா பேச்சே இல்ல, இறங்கிடுங்க. மழை தூறுனா பட்டை வழுக்கும், கயித்துல முடிச்சு வேற மாதிரி புடிக்கும். இடி கேட்டா உடனே.

மேல மிஷின்

மேல எடுத்துட்டு போறது டாப் ஹேண்டில் வகை, ஸ்டில், ஹஸ்க்வர்னா ரெண்டும் போடறாங்க, கைப்பிடி மேல இருக்கும், எடை கம்மி. ஆனா இந்த கைப்பிடிதான் ஒரு கைல ஓட்டற ஆசைய கிளப்புது. ரெண்டு கை, எப்பவும் ரெண்டு கை. செயின் வினாடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடுது, செயின் ஓடற பார் நுனியோட மேல் பக்கம் எதுலயாவது பட்டா மிஷின் முகத்த நோக்கி எகிறும், ஒரு கையால அத நிறுத்தற மனுஷன் பொறக்கல. கீழயே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி, அணைச்சு, செயின் ப்ரேக் போட்டு, தனி கயித்துல மேல அனுப்பச் சொல்லுங்க. மேல மிஷின் ஆர்னஸோட ஒரு பட்டைல தொங்கணும்.

மிஷின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல மாட்டியிருக்கணும், ஏறுற கயிறு ஒண்ணு, லேன்யார்டு ஒண்ணு, ரெண்டும் தனித்தனி எடத்துல. தெரியாம ஒண்ண அறுத்துட்டாலும் இன்னொண்ணு உங்கள வெச்சிருக்கும். இந்த முழு வழிகாட்டில ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். கைரம்பத்துக்கும் இதே விதிதான், நல்ல கூர்மையான ஜப்பான் டைப் கைரம்பம் ஒரு இழுப்புல கயித்த அறுத்துடும். லேன்யார்டு எந்த பக்கம் சுத்தி போகுதுன்னு பாத்துட்டு, வெட்டற எடத்துக்கு கீழ போட்டிருக்கான்னு பாத்துட்டு, அப்பறம் வெட்டுங்க. ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு நகரும்போது மிஷின் அணைஞ்சிருக்கணும்.

கெளைய எங்க, எப்படி

கெளை தண்டோட சேர்ற எடத்துல லேசா ஒரு வீக்கம், மடிப்பு மடிப்பா ஒரு வளையம் தெரியும். அந்த வளையம்தான் காயத்த மூடுற எடம். அதுக்கு வெளிய, அத தொடாம வெட்டணும். தண்டோட மழிச்ச மாதிரி வெட்டுனா மரம் மூட முடியாது, ஒரு முழம் குச்சி விட்டு வெட்டுனா அந்த குச்சி பட்டு அழுகி அழுகல் தண்டுக்குள்ள போகும்.

பெரிய கெளைக்கு மூணு வெட்டு. முதல் வெட்டு தண்டுலேர்ந்து ஒரு முழம் தள்ளி, கீழ இருந்து மேல, மூணுல ஒரு பங்கு ஆழம். ரெண்டாவது அதுக்கு கொஞ்சம் வெளிய, மேல இருந்து கீழ, கெளை பட்டைய கிழிக்காம விழும். மிச்சம் நிக்கற குச்சிய வளையத்துக்கு வெளிய மூணாவதா எடுக்கணும். மேல இருந்து ஒரே வெட்டா போட்டா கெளை சாயும்போது தண்டு பட்டைய ஆள் உசரத்துக்கு உரிச்சிட்டு போகும், அது உங்க கயித்தையும் சேத்து அடிச்சிட்டு போகலாம்.

தலைய மொட்டையடிக்கச் சொல்லி வீட்டுக்காரங்க கேப்பாங்க, குறிப்பா அக்டோபர்ல மழை ஆரம்பிக்கறப்போ புயல் பயத்துல. மொட்டையடிச்ச மரத்துல வெட்டு விளிம்புல இருந்து கொத்து கொத்தா புதுக் கெளை கெளம்பும், ரெண்டு வருஷத்துல பழைய உசரம் வரும், ஆனா ஒட்டுன மாதிரி நிக்கும், புடிமானம் இருக்காது, அடுத்த புயல்ல அதுதான் மொத்தமா பிச்சிட்டு வரும். அதுக்கு பதிலா ஆகஸ்ட் செப்டம்பர்லயே வந்து பட்டத, ஒண்ணோட ஒண்ணு உரசறத, வீட்டு மேல நீண்டத மட்டும் எடுத்து காத்து உள்ள பூந்து போற மாதிரி விடலாம்னு பொறுமையா சொல்லுங்க. ஒரே தடவைல இலைல கால்வாசிக்கு மேல எடுக்காதீங்க.

கட்டி இறக்கறது

கீழ ஓடு, கூரை, காம்பவுண்டு சுவர் இருந்தா கெளைய கயித்துல கட்டி இறக்கணும். இங்க எல்லாரும் தப்புறது எடைலதான். பச்சை மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன். ஒரு அடி விட்டம், ஒரு மீட்டர் நீளம் இருக்கற துண்டு சுமார் 70 கிலோ. அதே நீளத்துல விட்டம் ரெண்டு அடின்னா 140 இல்ல, 280 கிலோ, விட்டம் ரெண்டு மடங்கானா எடை நாலு மடங்கு. அந்த துண்டு கொஞ்ச தூரம் விழுந்து கயிறு சட்டுன்னு இழுத்து நிறுத்துச்சுன்னா கயித்துலயும் கவட்டைலயும் அதோட எடைய விட பல மடங்கு இழுவை வரும். அதனால இறக்குற கயித்துல 5 டன் தாங்கும்னு எழுதியிருந்தா 500 கிலோவே எல்லைன்னு வெச்சுக்கோங்க, பழகற வரைக்கும் 50 கிலோ தாண்டாதீங்க. சின்ன சின்ன துண்டா எடுத்தா நேரம் ஆகும், ஆகட்டும்.

கயிறு போற கவட்டை வெட்டற துண்டுக்கு மேல இருந்தா துண்டு விழாம தொங்கும், இது நல்லது. துண்டுக்கு கீழ இருந்தாத்தான் அந்த பெரிய இழுவை. அப்போ கீழ இருக்கற ஆள் கயித்த சட்டுன்னு புடிக்காம ஓட விட்டு மெதுவா நிறுத்தணும். அடி மரத்துல ரெண்டு மூணு சுத்து சுத்தி புடிக்கறதுதான் நம்ம ஊர் வழக்கம், அது வேலை செய்யும், ஆனா சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறுகிக்கும், சொரசொரப்பு பட்டைல ஒரு மாதிரியும் வழுவழுப்புல வேற மாதிரியும் புடிக்கும். அடி மரத்துல கட்டற இரும்பு உருளை வாங்க முடிஞ்சா வாங்குங்க. கயித்த கைலயோ இடுப்புலயோ சுத்திக்கவே கூடாது, அதோட துண்டுக்கு நேர் கீழ நின்னு கயிறு புடிக்கக் கூடாது. உங்க ஏறுற கயிறும் இறக்குற கயிறும் ஒரே கவட்டைல போகக்கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு உரசுனா உருகும்.

தென்னை, பனை

தென்னைக்கு கவட்டை கிடையாது, அதனால கயிறு போட எடமும் இல்ல. தண்ட சுத்தி லேன்யார்டு ஒண்ணும், அதுக்கு மேல தண்ட இறுக்கி புடிக்கற சுருக்கு ஒண்ணும் போட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு தள்ளிட்டே ஏறணும். கேரளாவுலேர்ந்து வந்த செம்பேரி மாதிரி ஏறுற கருவி காய் பறிக்க நல்லது, அதுலயும் ஆர்னஸ் தனியா மாட்டிக்கோங்க, கருவி மட்டும் பாதுகாப்பு கிடையாது. மட்டைய மேல புடிச்சு எடைய போடறது பரம்பரையா ஏறுறவங்களுக்கே வேணாம்னு சொல்வேன், காஞ்ச மட்டை அப்படியே கழண்டு கைக்கு வரும்.

ஏறறதுக்கு முன்னாடி தண்டுல ஓட்டை, அதுலேர்ந்து பழுப்பா சாறு வழியறது, மென்ன நார் வெளிய தள்ளியிருக்கறது தெரிஞ்சா அது சிவப்புக் கூன்வண்டு. உள்ள கூழா போயிருக்கும், வெளிய ஓடு மட்டும் நிக்கும். அடில சாறு வடிஞ்சு காளான் இருந்தா தஞ்சாவூர் வாடல் நோய், வேரே போயிருக்கும். ரெண்டுலயும் ஏறக்கூடாது, தூரத்துலேர்ந்து கயிறு கட்டி இழுத்து சாய்க்கறதோ க்ரேன் வெச்சு எடுக்கறதோ பாருங்க. தென்னைக்குள்ள பஞ்சு மாதிரி நார், வெளிய கெட்டி, அதனால மத்த மரத்துல மாதிரி வெட்டுல அறுக்காம விடற கீல் நின்னு சாயற திசைக்கு வழி காட்டும்னு நம்பாதீங்க.

புயலுக்கு அப்பறம்

2011 டிசம்பர் 30 தானே வந்தப்போ பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா சாஞ்சதும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல்ல புதுச்சேரில ஒரே நாள்ல கிட்டத்தட்ட 50 செ.மீ மழை கொட்டி வேர் பிடிச்ச மண்ணே சேறானதும் நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்துல கூப்பிடுவாங்க, காசும் கிடைக்கும், வேலை மத்த நாள விட பல மடங்கு ஆபத்து.

சாஞ்சு கெடக்கற மரம் ஒவ்வொண்ணும் நாண் ஏத்துன வில்லு. வளைஞ்ச கெளைல உள்பக்கம் அழுத்தம், வெளிப்பக்கம் இழுவை. முதல்ல அழுத்தம் இருக்கற பக்கம் கொஞ்சமா வெட்டு, அப்பறம் இழுவை பக்கம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா, எப்பவும் கெளை எகிறுற திசைக்கு வெளிய நின்னு. அழுத்தப் பக்கம் ஆழமா வெட்டுனா மிஷின் மாட்டிக்கும், இழுவை பக்கத்துல ஒரே வெட்டா போட்டா கெளை மூஞ்சிக்கு வரும்.

வேரோட சாஞ்ச மரத்துல தண்ட வெட்டுன உடனே வேர்க்கட்டி தானா நிமிந்து குழிக்குள்ள திரும்ப உக்காரும். அந்த குழில பசங்க எறங்கி விளையாடிட்டு இருப்பாங்க. வெட்டறதுக்கு முன்னாடி குழிய பாத்து, வேர்க்கட்டிய கயித்தால கட்டி, குழிக்கு யாரும் கிட்ட வராம பாக்க எட்ட ஒரு ஆள நிறுத்தாம மிஷின வெக்காதீங்க. பாதி சாஞ்சு இன்னொரு மரத்துல மாட்டிட்டு நிக்கற மரத்துல யாரும் ஏறக்கூடாது, தாங்கிட்டு இருக்கற மரத்துலயும் ஏறக்கூடாது. அத க்ரேனுக்கோ ஜேசிபிக்கோ விட்டுடுங்க.

மேல மாட்டிக்கிட்டா

மயக்கம் போட்டு கயித்துல தொங்கற ஆள் நிமிஷக் கணக்குல மோசமாவாரு, அசையாம தொங்குனா கால்ல ரத்தம் தேங்கிடும். 108 வண்டி வந்தாலும் அவங்களால மரத்துல ஏற முடியாது. அதனால எடுத்து இறக்கற வழி உங்க கிட்டயே இருக்கணும், ரெண்டாவது ஆள், ரெண்டாவது ஆர்னஸ், ரெண்டாவது கயிறு. அந்த ரெண்டாவது கயித்த வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மரத்துல போட்டு வெச்சிடுங்க. இன்னும் நல்லது, ஏறுற கயித்த அடி மரத்துல இறக்குற கருவி மூலமா கட்டி வெச்சா கீழ இருந்தே ஆள இறக்கலாம். மாசத்துக்கு ஒரு நாள் வேலை இல்லாதப்போ ஒருத்தர் மயக்கம் போட்ட மாதிரி தொங்க, இன்னொருத்தர் இறக்கி பழகுங்க. இறக்குனதும் வழக்கமா செய்யற மாதிரி படுக்க வைங்க, மூச்சு பாருங்க.

மிஷின் வெட்டு ஆழம்னா, துணி மடிச்சு காயத்துக்குள்ள அழுத்தி, விடாம அழுத்தி புடிங்க, கை கால்ல ரத்தம் நிக்கலன்னா காயத்துக்கு மேல டூர்னிக்கே (ரத்தத்த நிறுத்தற இறுக்குப் பட்டி) போட்டு இறுக்கி நேரத்த எழுதி வைங்க. ஏறுற ஆளோட ஆர்னஸ்லயே ஒரு கட்டுத்துணி பாக்கெட் இருக்கணும், வண்டில இருக்கற பெட்டி 50 அடி உசரத்துக்கு எட்டாது. 108க்கு சொல்லும்போது ஊர், தெரு, பக்கத்துல இருக்கற கோயில் இல்ல பள்ளிக்கூடம் பேரு முன்னாடியே எழுதி வெச்ச சீட்ட பாத்து சொல்லுங்க, பதட்டத்துல வாயே வராது. அங்கேர்ந்து ஜிப்மர் கிட்டயா கடலூர் ஜிஹெச் கிட்டயான்னும் காலைலயே யோசிச்சு வெச்சிடணும்.

சாமான பாத்துக்கறது

தினமும் ஏறறதுக்கு முன்னாடி கயித்த கை வழியா முழுக்க ஓட்டி பாருங்க. ஒரு எடத்துல மெலிசா, ஒரு எடத்துல கெட்டியா, பளபளன்னு உருகுன தடம், உறை அத்து உள் நார் தெரியறது, இதுல எது இருந்தாலும் அந்த கயிறு ஏறறதுக்கு இல்ல. ஆர்னஸ்ல தையல் நூல் எழும்பியிருக்கா, பக்கிள்ல துரு இருக்கா பாருங்க. சில்வர் பீச், தேங்காய்த்திட்டு, காலாப்பட்டு மாதிரி கடல ஒட்டி வேலை செஞ்சா உப்பு காத்து கேரபினர் ஸ்ப்ரிங்க சீக்கிரம் கெடுக்கும், நல்ல தண்ணில கழுவி நெழல்ல காய வெச்சு ஒரு சொட்டு எண்ணெய். கயித்த சோப்பு தூள் இல்லாம வெறும் தண்ணில அலசி நெழல்ல போடுங்க. பெட்ரோல், செயின் ஆயில், பேட்டரி ஆசிட் பட்ட கயிறு பாக்க நல்லா இருந்தாலும் நம்பாதீங்க, மிஷினையும் கயித்தையும் ஒரே சாக்குல போட்டு பைக்ல கட்டிட்டு போறத நிறுத்துங்க.

ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு சாமானும் வாங்குன தேதி, சோதிச்ச தேதி, பெரிய இழுவை வாங்குன நாள் எழுதி வைங்க. கம்பெனி குடுத்த ஆயுசு முடிஞ்சா எடுத்துடணும். எடுத்த கயித்த மாடு கட்டவோ கொடி கட்டவோ முழுசா யாருக்கும் குடுக்காதீங்க, ஒரு முழத் துண்டா நறுக்கிப் போடுங்க, இல்லன்னா அடுத்த மழைக்கு அவசரமா யாரோ ஒரு பையன் அத எடுத்து இடுப்புல கட்டிட்டு மரத்துல ஏறுவான்.